சேத்துக்கால் டீமுக்கு மாத்தாள் உண்டு

தம்பி,

என் போனை நீ எடுக்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அடித்து அடித்து எனக்கு விரல் தேய்ந்ததுதான் மிச்சம். வாட்ஸ்அப்பில் அனுப்பியது எதுவும் உன்னிடம் போய்ச் சேரவில்லை. "பிளாக் பண்ணிட்டாண்ணே உங்க புள்ள" என்று டெப்போவில் சொல்லிச் சிரித்தார்கள். அதனால் பேப்பரில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும், சிதம்பரத்தில் உங்கள் காலேஜ் கிரவுண்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடைச் சுவரில் ஒட்டப் போகிறேன். கடைக்காரரிடம் கேட்டாயிற்று. "ஒட்டிக்குங்க கண்டக்டர், பஜ்ஜி வெல எழுதுன போர்ட மட்டும் மறைச்சிடாதீங்க" என்றார். அப்பன் மகன் சண்டையை ஊர் படிக்க ஒட்டுவது அசிங்கம்தான், எனக்குத் தெரியும். ஆனால் நீ படிக்காவிட்டாலும் உன் டீம் பையன்கள் டீ குடிக்க அங்கேதான் வருவார்கள். அவர்களில் ஒருத்தன் படித்தால் போதும். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கும் சிதம்பரத்திலிருந்து கடலூருக்கும் தினமும் உங்கள் காலேஜ் வாசலைத் தாண்டித்தான் என் பஸ் போகிறது. பின்படிக்கட்டில் தொங்கிக்கொண்டு கிரவுண்டில் உன்னைத் தேடுகிறேன். நேற்றும் நீ ஆடிக்கொண்டிருந்தாய்.

நடந்தது உனக்கும் எனக்கும் தெரியும். உன் டீமுக்குத் தெரியாது. அவர்களுக்காகச் சொல்கிறேன். போன மாதம் நெல்லிக்குப்பத்தில் நடந்த கபடிப் போட்டிக்கு லீவு போட்டுவிட்டு நானும் வந்திருந்தேன். ரெய்டு வந்தவன் கணுக்காலை நீ குனிந்து பிடித்தாய். அவன் உதறிய உதறலில் அவனுடைய முட்டி உன் நெற்றிப்பொட்டில் விழுந்தது. அந்தச் சத்தம் எனக்குக் கேலரியில் கேட்டது. நீ மல்லாந்து கிடந்தாய். மாற்று ஆட்டக்காரர்கள் எழுந்து நின்றார்கள். நீ எழுந்து, உட்காருங்கடா என்று கையைக் காட்டினாய். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். ஜெயித்தீர்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தபோது, "எங்கப்பா போறோம்?" என்று கேட்டாய். "கடலூர்டா" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "எங்கப்பா போறோம்?" என்றாய். சின்ன வயதில் இப்படித்தான் ஒரே கேள்வியைக் கேட்டுக் கேட்டு என்னைக் கடுப்பேற்றுவாய். அதே குறும்பு என்று நினைத்துச் சிரித்தேன். மறுபடியும் கேட்டாய். அப்போது உன் முகத்தைப் பார்த்தேன். அதில் விளையாட்டு இல்லை. உனக்கு நிஜமாகவே தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் வாந்தி எடுத்தாய். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் உன் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் யாரைக் கும்பிட்டேன், என்ன வேண்டினேன் என்று எனக்கே தெரியாது.

அந்த டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டியதை நீயும் பார்த்தாய். மண்டை ஓட்டுக்குக் கீழே ரத்தம் கசிந்திருக்கிறது, தானாக வற்றிவிடும், ஆபரேஷன் வேண்டாம் என்றார். எனக்கு மூச்சு வந்தது. அடுத்த வார்த்தையில் அதைப் பிடுங்கிக்கொண்டார். "ஒரு வருஷத்துக்கு கிரவுண்டு பக்கம் தலவெச்சு படுக்கக்கூடாது. இதே எடத்துல இன்னொரு அடி பட்டா என் கையில எதுவும் இல்லைங்க." நீ தலையாட்டினாய். நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு, தலைவலி விட்டதும் ஹாஸ்டலுக்குப் போய் ஜெர்சியை மாட்டிக்கொண்டாய். சனிக்கிழமை உங்கள் கிரவுண்டிலேயே ஃபைனல். நீ கேப்டன். போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் பார்க்க வருகிறார்கள். உனக்கு இது கடைசி வருஷம். எல்லாம் எனக்குப் புரிகிறது. நாள் முழுக்க நின்றே பிழைக்கிற கண்டக்டருக்கு, பிள்ளை காக்கி போட்டு ஜீப்பில் உட்கார்ந்து போக வேண்டும் என்ற ஆசை இருக்காதா? உன்னைவிட எனக்கு அந்த ஆசை ஜாஸ்தி.

உங்கள் கபடி மாஸ்டரையும் போய்ப் பார்த்தேன். அதற்கும் நீ என் மேல் கோபப்படுவாய், பட்டுக்கொள். ஸ்கேன் படத்தைக் கவரிலிருந்து எடுத்து நீட்டினேன். அவர் வாங்கிப் பார்க்கவில்லை. கெட்ட மனிதர் இல்லை, எனக்கு உட்கார நாற்காலி போட்டார். "அவனே நல்லாருக்கேன்னு சொல்றானே சார். அவன் வாயால முடியலைன்னு சொல்லட்டும், அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "புதுக்கொட்டாய்க்காரர் நீங்களே இப்படிப் பேசலாமா? நம்ம டீம்ல மாத்தாள் கெடயாது. எறங்குன ஏழு பேரும் கடைசி வரைக்கும் நிக்கணும். உங்க பெரியப்பாவாலதானே இந்தப் பழக்கமே வந்துச்சு?" என்றார். என் பெரியப்பாவைக் காட்டியே என் பிள்ளையை என்னிடமிருந்து வாங்கிக்கொள்கிறார்களே என்று, ஸ்கேன் படத்தைக் கவரில் போட்டுக்கொண்டு எழுந்து வந்தேன். அந்தப் பெரியப்பாவைப் பற்றித்தான் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் உன்னிடம் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் எழுந்து போய்விட்டாய். இப்போது முழுக்கச் சொல்கிறேன். நின்று படி.

உங்கள் ஜெர்சி முதுகில் சேத்துக்கால் என்று அச்சடித்து ஒரு பாதம் வரைந்திருக்கிறீர்கள். அது யார் பாதம் என்று உன் டீமில் பாதிப் பேருக்குத் தெரியாது. கிள்ளைக்குக் கிழக்கே, தார் ரோடு முடிந்த பிறகும் உப்பங்கழி ஓரமாக வெகுதூரம் நடந்தால் வருகிற நம் புதுக்கொட்டாய்க்காரன் பாதம் அது. என் தாத்தா காலத்தில் அங்கே ஊர் என்று ஒன்று கிடையாது. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த சில குடும்பங்கள், காலடி மண்கூடச் சொந்தமில்லாதவர்கள், கடலோரத்தில் யாருக்கும் வேண்டாத உப்புச் சேறு கிடக்கிறது என்று கேள்விப்பட்டு வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். வழியில் பார்த்தவர்கள் எல்லாம், அங்கே நண்டுகூடக் குடியிருக்காது என்று சிரித்தார்களாம். போனவர்கள் வேலிக்காத்தானை வெட்டினார்கள். சேற்றை வாரி வாரி உப்புத்தண்ணீர் உள்ளே வராதபடி கரை போட்டார்கள். கரைக்குள் மழைத் தண்ணீரைத் தேக்கி, உப்பு கரையக் கரைய வடித்தார்கள். பல வருஷம் ஒரு கதிர் கிடையாது. குடிக்கிற தண்ணீருக்குப் பெண்கள் வெயிலில் எங்கெங்கோ நடந்தார்கள். நண்டும் நத்தையும் தின்று கிடந்து, கடைசியில் ஒரு தை மாதம் கால் வயிற்றுக்கு நெல் வந்தது. அந்த மண்ணுக்குப் பட்டா கிடையாது, பத்திரம் கிடையாது. கரை நின்றால் ஊர் உண்டு, உடைந்தால் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

காலேஜ் வந்தபோது நம் ஊர்ப் பையன்கள் சிலர் அங்கே சேர்ந்தார்கள். மழைக்காலத்தில் முழங்கால் வரை சேற்றோடுதான் ஊரை விட்டு வெளியே வர முடியும். ஹாஸ்டல் வாசலில் நிறுத்திக் கால் கழுவச் சொல்வார்கள். டவுன் பையன்கள் வைத்த பெயர்தான் சேத்துக்காலு. "டேய் சேத்துக்காலு, பெஞ்சுல ஒட்டிக்கப் போவுது, தள்ளி உக்காரு" என்பார்கள். எத்தனை நாள்தான் பொறுப்பது? ஒரு போட்டியன்று நம் பையன்கள் பக்கெட்டில் கரைச் சேற்றைக் கொண்டுவந்து, எல்லோருக்கும் எதிரே வலது காலை அதில் முக்கிவிட்டுக் கோர்ட்டில் இறங்கினார்கள். ஆமாம்டா, சேத்துக்காலுதான், வா என்றார்கள். ஜெயித்தார்கள். அடுத்த வருஷம் கேலி பண்ணிய டவுன் பையன்களே டீமில் சேர்ந்து அதே பக்கெட்டில் கால் முக்கினார்கள். இன்றைக்கு ஷேர் ஆட்டோவில் பெயின்ட் டப்பாவில் அந்தச் சேறு வருகிறது. கோயம்புத்தூர்ப் பையன்கூட பயபக்தியோடு காலை முக்குகிறான். அதைப் பார்த்தால் எனக்கே நெஞ்சு நிமிரும். அந்தப் பெயரில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. சண்டை எல்லாம் அதோடு ஒட்டிக்கொண்டு வந்த இன்னொரு பழக்கத்தோடுதான்.

நானும் அந்த டீமில் இருந்தவன். நீ சொன்ன மாதிரி பெஞ்சு தேய்த்தவன். "பெஞ்சு தேச்ச ஆளு நீ, உனக்கு என்னாப்பா தெரியும்? எனக்கு ஏதாவது ஆயிடும்னு பயந்துக்கிட்டு செத்துப்போன மனுசனப் பத்தி கத கட்டுற" என்று சோற்றில் கை வைத்தபடி சொன்னாயே, அது சரிதான். படித்த காலம் முழுக்க ஜெர்சி போட்டேன், சேற்றில் கால் முக்கினேன், ஒரு நாளும் கோட்டைத் தாண்டி உள்ளே போனதில்லை. மாற்று ஆட்டக்காரனை இறக்கக்கூடாது என்கிற டீமில் மாற்று ஆட்டக்காரனாக இருந்தால் வேறு என்ன செய்வது? பெஞ்சில் உட்கார்ந்து எனக்குப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. ஆடுகிறவனுக்குத் தன்னைத் தெரியாது, தம்பி. எவனுக்கு மூச்சு வாங்குகிறது, எவன் காலை இழுக்கிறான், எவன் கண் சொருகுகிறது என்று பெஞ்சில் இருக்கிறவனுக்குத்தான் முதலில் தெரியும். அன்றைக்கு நெல்லிக்குப்பத்தில் எனக்கும் தெரிந்தது. தெரிந்தும் கை தட்டிக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு மேட்சுக்கு முன்னாலும் மாஸ்டர் உங்களை வட்டமாக நிற்க வைத்து என் பெரியப்பா வீராசாமி கதையைச் சொல்வார். கரை உடைந்த அன்று புதுக்கொட்டாய் ஆண்கள் உடைப்பில் உட்கார்ந்து கையோடு கை கோத்து, உடம்பாலேயே தண்ணீரை மறித்தார்கள். ஒருவனும் எழுந்து போகவில்லை. வீராசாமி உயிர் போகும்வரை கையை விடவில்லை. அதனால்தான் நாமும் செயின் போட்டால் கையை விடமாட்டோம், கோர்ட்டை விட்டு வெளியே வரமாட்டோம். நீங்கள் கத்துவீர்கள். கேட்கிறவனுக்கு மயிர்க்கூச்செறியும். அதில் உடைப்பு நிஜம். உட்கார்ந்தது நிஜம். கை கோத்தது நிஜம். மற்றது நடந்ததில்லை. உடைப்பில் உட்காருகிற வேலை எப்படி நடக்கும் என்று, உட்கார்ந்து எழுந்த என் அப்பா, உன் தாத்தா, எனக்குச் சொல்லியிருக்கிறார். அந்த வேலையில் பாதி உட்காருவது, பாதி எழுந்திருப்பது.

கார்த்திகை மழையில் கரை வாயைப் பிளந்தால் மண்ணைக் கொட்டி அடைக்க முடியாது, கொட்டக் கொட்டத் தண்ணீர் அடித்துக்கொண்டு போகும். முதலில் வேகத்தைக் குறைக்க வேண்டும். அதற்குத்தான் ஆண்கள் தண்ணீருக்கு முதுகைக் காட்டி, கை கோத்து வரிசையாக உடைப்பில் உட்காருவார்கள். அவர்களுக்கு முன்னால் பெண்கள் பனையோலையும் வைக்கோலும் சேற்றுருண்டையும் போட்டு அடைத்துக்கொண்டு வருவார்கள். கழித் தண்ணீரும் மழைத் தண்ணீரும் கலந்து எலும்புக்குள் குளிர் இறங்கும். கொஞ்ச நேரத்தில் கால் இருப்பதே தெரியாது. அதற்குப் பிறகு புத்தி மந்தமாகும். அதனால் கரைமேல் ஒருத்தர் நிற்பார். மண் சுமக்கிற வேலை அவருக்குக் கிடையாது. உட்கார்ந்திருக்கிறவர்கள் முகத்தைப் பார்ப்பதுதான் வேலை. உதடு கறுத்தால், பேச்சு குழறினால், "உம் மாட்டுக்கு என்னா பேருய்யா?" என்று கேட்பார். பதில் தடுமாறினால், "மாத்தாள்!" என்று கத்துவார். புது ஆள் இறங்கி அவன் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்து, இரண்டு பக்கத்துக் கையையும் கோத்துக்கொண்ட பிறகு பழைய ஆளைத் தூக்கி மேலே விடுவார்கள். சங்கிலி அறுந்து போகாது. மேலே வந்தவனை வைக்கோல் போட்டுத் தேய்த்து, கஞ்சி கொடுத்து, மறுபடி வரிசைக்கு அனுப்புவார்கள். இதில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. உட்கார்ந்திருக்கிறவன் பேச்சைக் கேட்கக்கூடாது. எனக்கு ஒன்றுமில்லை என்று அவன் சொன்னாலும் தூக்கிவிட வேண்டும். குளிரில் மரத்தவனுக்கு மரத்தது தெரியாது என்பதால் வைத்த சட்டம்.

அன்றைக்குக் கரைமேல் நின்றவர் உன் தாத்தா. உடைப்பில் நடுவில் உட்கார்ந்திருந்தவர் அவருடைய சொந்த அண்ணன் வீராசாமி. ஊரிலேயே பலசாலி, ஊரிலேயே பிடிவாதக்காரர். அவருக்கு உதடு கறுத்தது. "அண்ணே, ஏறு. மாத்தாள் நிக்கிறான்" என்றார் உன் தாத்தா. "நா இருக்கேன் போடா. எனக்கு என்னா கேடு?" என்றார் அண்ணன். அதோடு உன் தாத்தா நிறுத்திக்கொண்டார். வேறு யாராக இருந்தாலும் சட்டையைப் பிடித்துத் தூக்கியிருப்பார். அண்ணன் பேச்சை எப்படித் தட்டுவது என்று நின்றுவிட்டார். மாத்தாளும் கரையிலேயே நின்றான். கொஞ்ச நேரத்தில் பெரியப்பாவின் தலை தொங்கியது. கை தானாக அவிழ்ந்தது. நடுவில் அறுந்த வரிசையைத் தண்ணீர் இரண்டாகப் பிளந்துகொண்டு போயிற்று. பக்கத்தில் இருந்தவர்களைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றினார்கள். பெரியப்பாவை மறுநாள் சுரபுன்னைக் காட்டில்தான் எடுத்தார்கள். கரையும் போயிற்று. உப்பு ஏறிய நிலம் மறுபடி விளைய வருஷக்கணக்கில் ஆயிற்று. பாதிக் குடும்பங்கள் திரும்பவும் கரும்பு வெட்டப் போயின.

பெரியம்மாவுக்கு அப்போது கைக்குழந்தை. அவர் முகத்தைப் பார்த்து, உன் புருஷன் ஏற மறுத்ததால்தான் செத்தார், ஊரும் போயிற்று என்று யாரால் சொல்ல முடியும்? "கடைசி வரைக்கும் அண்ணன் கைய உடல அண்ணி" என்று உன் தாத்தா சொன்னார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். இரக்கப்பட்டுச் சொன்ன பொய். பிறகு அதை மாற்ற யாருக்கும் வாய் வரவில்லை. கேட்டு வளர்ந்த பையன்கள் அதைக் காலேஜுக்குக் கொண்டுபோனார்கள். மாத்தாளை வைத்துப் பிழைத்த ஊரின் பெயரால், மாத்தாளே கிடையாது என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது. உன் தாத்தா சாகும்வரை மழை பெய்தால் வாசலில் போய் நிற்பார். "இன்னொரு தபா கூப்புட்டிருக்கணும்டா. ஒரே ஒரு தபா" என்பார். என்னிடம்தான் சொல்வார். வேறு யாரிடமும் சொன்னதில்லை.

நீ சாட்சி கேட்பாய். எனக்குச் சாட்சி இல்லை. பெரியம்மா இருந்திருந்தால் உன்னை அவரிடம் இழுத்துக்கொண்டு போயிருப்பேன். நீ பள்ளிக்கூடத்தில் படித்தபோது உங்கள் காலேஜ் போட்டிக்கு அவரைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டு, மேடையில் உட்கார வைத்து, கை விடாத வீராசாமி என்று முழங்கி, பொன்னாடை போர்த்தினார்கள். அப்போது நெல்லிக்குப்பத்தில் குடியிருந்தவர், திரும்பும்போது கடலூர் வரை என் பஸ்ஸில்தான் வந்தார். புதுச்சத்திரம் தாண்டியதும், பொன்னாடையை மடித்து என் கையில் கொடுத்து, "இத யாருக்காச்சும் குடுத்துடு" என்றார். ஏன் பெரியம்மா என்றேன். "உங்கப்பன் சொன்னது பொய்யின்னு எனக்கு அன்னிக்கே தெரியும்டா. பொணத்தக் குளிப்பாட்டுனவ நான். கைய விடாத ஆளு சுரபுன்னக் காட்டுல எப்படிடா கெடப்பாரு? கைய விட்டாரா விடலயான்னு எனக்கு என்னா ஆவணும்? மாத்தாளு கூப்புட்டப்ப ஏறி ஊட்டுக்கு வந்திருந்தா இன்னிக்கு வரைக்கும் எங்கூட சண்ட போட்டுக்கிட்டு இருந்திருப்பாரு. பயந்தாங்கொள்ளின்னு ஊரு பேசியிருக்கும். பேசட்டுமே. புருசன் இருந்திருப்பான்ல?" குடிகாடு வந்தது. வழக்கம்போல கெமிக்கல் நாற்றத்துக்கு எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். பெரியம்மா மட்டும் முந்தானையைக் கண்ணில் வைத்துக்கொண்டார். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி என் வாய்ப்பேச்சைத் தவிர உனக்குக் காட்ட என்னிடம் எதுவும் கிடையாது.

நம்பாவிட்டால் போ. நான் கட்டிய கதை என்றே வைத்துக்கொள். உங்கள் மாஸ்டர் கதையே நிஜமாக இருக்கட்டும், என் பெரியப்பா கையை விடாமலே சாகட்டும். அதற்காக நீ ஏன் சாக வேண்டும்? சொல்லக்கூடாத வார்த்தையைச் சொல்லிவிட்டேன். உன் அம்மா முன்னால் இந்த வார்த்தையை உதடு பிரித்துச் சொன்னதில்லை. ஆனால் ராத்திரியும் பகலும் எனக்கு இதுதான் ஓடுகிறது. டிக்கெட் கொடுக்கும்போது பயணி ஊர் சொன்னால் காதில் விழவில்லை. சிதம்பரம் கேட்டவருக்கு ஆலப்பாக்கம் டிக்கெட் கிழிக்கிறேன். இளவட்டப் பையன் எவனாவது ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினால் மூச்சு இருக்கிறதா என்று பார்க்கிறேன். நேற்று ஒருத்தனை எழுப்பியே விட்டேன். "என்னா சார், டிக்கெட் எடுத்துட்டேனே" என்று எரிந்து விழுந்தான். மன்னிப்புக் கேட்டேன். என்னால் முடியவில்லை, தம்பி. எனக்கு இந்தப் பயத்தைத் தாங்குகிற தெம்பு இல்லை. உன் காலில் விழச் சொன்னால் விழுகிறேன். கேலி பண்ணுவார்கள் என்று யோசிக்கிறாயா, வேலை போய்விடும் என்று யோசிக்கிறாயா? போகட்டும். வேறு வேலை பார்க்கலாம், ஒன்றும் கிடைக்காவிட்டால் வீட்டில் சும்மா உட்கார்ந்திரு. ஆயுசு முழுக்கச் சோறு போடுகிறேன். தண்டச்சோறு என்று ஒரு நாளும் சொல்ல மாட்டேன்.

உன் டீம் பையன்களுக்கும் ஒரு வார்த்தை. பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். அவன் கை காட்டி உட்காரச் சொன்னால் உட்காராதீர்கள். அவன் நன்றாக இருக்கிறேன் என்பான். எங்கே போகிறோம் என்று தெரியாமல் பஸ்ஸில் வந்தபோதும் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொன்னான். புதுக்கொட்டாய் வழக்கம் எதையாவது காப்பாற்ற வேண்டும் என்றால் அந்த மாத்தாள் வழக்கத்தைக் காப்பாற்றுங்கள். உங்களில் ஒருத்தன் அவன் இடத்தில் இறங்குங்கள். தோற்றால் தோற்றுப் போங்கள்.

இதுவரை எழுதியதை உன் அம்மா வாங்கிப் படித்தாள். சத்துணவுக் கூடத்தில் வேலை முடித்து வந்தவள், கை ஈரத்தைக்கூடத் துடைக்காமல் நின்றபடியே படித்தாள். அழுவாள் என்று நினைத்தேன். "இம்மாம் பெருசா எழுதுனா எவன் நின்னு படிப்பான்?" என்றாள். பிறகு, "நீ ஒட்டு, ஒட்டாத போ. நா சனிக்கிழம லீவு சொல்லிட்டேன். ஆட்டம் தொடங்கறதுக்கு முந்தி கோர்ட்டுக்கு நடுவுல போயி உக்காந்துக்குவேன். பெத்தவள எவன் தூக்குறான்னு பாத்துடறேன்" என்றாள். உன் அம்மா சொன்னால் செய்வாள் என்பது உனக்குத் தெரியும். நானும் பக்கத்தில் உட்காருவேன். உன் தாத்தா மாதிரி ஒரு தரம் கூப்பிட்டுவிட்டு நின்றுகொள்ள என்னால் முடியாது.

விசில் அடிக்கட்டும், போலீஸை வரச்சொல்லட்டும், நாங்கள் எழுந்திருக்க மாட்டோம். கூட்டம் கூச்சல் போடும். ஆளாளுக்கு போனில் படம் எடுப்பார்கள். அப்பனும் ஆத்தாளும் கிரவுண்டில் உட்கார்ந்து மானத்தை வாங்கிவிட்டார்கள் என்று நீ எங்களோடு வருஷக்கணக்கில் பேசாமல் இருப்பாய். இரு. நாளைக்கு உனக்குக் கல்யாணமாகும், பிள்ளைகள் பிறக்கும். அந்தப் படத்தை எவனாவது உன் பிள்ளைகளிடம் காட்டி, உங்க அப்பனை ஃபைனல் ஆட விடாமல் பண்ணினது இந்தக் கிழடுகள்தான் என்று சிரிப்பான். அப்போது நீ நரைத்த தலையோடு பக்கத்தில் உட்கார்ந்து, எங்கள் இரண்டு பேரையும் வாய் வலிக்கத் திட்ட வேண்டும்.

அதற்குத்தான் வருகிறோம்.

உன் அப்பா